டிராக்குக்குப் போன மாப்பிள்ளை

ரெட்டிபாளையம் பக்கத்து சிமென்ட் ஆலை ஒன்றில் அறிவழகன் பாதுகாப்பு அலுவலர். யார் ஹெல்மெட் போடவில்லை, யார் கையுறை மாட்டவில்லை, யார் ஏணியில் ஒற்றைக் காலில் நிற்கிறார் என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. அவர் பார்த்துச் சொல்வதோடு நிறுத்துவதில்லை, பேசவும் செய்வார். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் அவர் பேசி முடிப்பதற்குள் நின்று கேட்கும் தொழிலாளர்களில் ஒருவராவது மயங்கி விழுவார். அதையும் அவர் தண்ணீர் குடிக்காததன் விளைவு என்று அடுத்த வாரத்து உரைக்கு எடுத்துக்கொள்வார்.

அவரிடம் ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிள் இருந்தது. நானூறு சிசி. ஞாயிற்றுக்கிழமைகளில் அரியலூரிலிருந்து பெரம்பலூர் வந்து, நாலுவழிச் சாலையில் ஏறி, டோல்கேட் வரை போய், டீ குடித்து, வண்டியில் சாய்ந்து நின்று படம் எடுத்துப் போட்டுவிட்டுத் திரும்புவார். படத்துக்குக் கீழே 'வளைவுகளின் காதலன்' என்று எழுதுவார். அரியலூருக்கும் டோல்கேட்டுக்கும் நடுவே வளைவு என்று சொல்லும்படி அதிகம் இல்லை என்பதை யாரும் எடுத்துச் சொன்னதில்லை. மாமனார் ஊரான வேப்பந்தட்டையில் ஒரு காதுகுத்து நடக்கும் வரை.

விருந்து முடிந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு ஆண்கள் எல்லாம் ஷாமியானா நிழலில் நின்ற வண்டியைச் சுற்றிக் கூடியிருந்தார்கள். அறிவழகன் வண்டியின் குதிரைத் திறனை விளக்கிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி மஞ்சுவின் தம்பி சரத்குமார் பின் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து டயரைத் தடவினான். ஓசூரில் வேலை. லீவு கிடைத்தால் தன் வண்டியை எடுத்துக்கொண்டு ரேஸ் டிராக்குக்குப் போகிறவன்.

"மாமா, டயரு எப்ப மாத்துனீங்க?"

"மாத்தவே இல்ல மச்சான். வண்டியோட வந்தது."

"அதான் பாத்தேன். நடு மட்டும் இஸ்திரி போட்ட மாதிரி சப்பையா இருக்கு. ரெண்டு ஓரமும் கடையில தொங்குற மாதிரியே கெடக்கு. இந்தா, முடி கூட உதிரல."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். புது டயரில் மெல்லிசாக ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். வளைவில் வண்டி சாய்ந்தால் ஓரம் தரையில் உரசி அவை போய்விடும். அறிவழகனின் டயரின் இரண்டு ஓரங்களிலும் அவை பச்சைக் குழந்தையின் தலைமுடி போல் அப்படியே இருந்தன.

"ரோடு நேரா இருந்தா நான் என்னய்யா பண்றது? ஹைவேயில நெளிஞ்சு நெளிஞ்சு ஓட்டச் சொல்றியா?"

"நேரா போறது தப்பில்ல மாமா. எங்க தெருமொனையில திரும்பறதுக்கே நீங்க ரெண்டு காலையும் கீழ வுட்டு நடத்திக்கிட்டு வர்றீங்கன்னு அக்கா சொல்லுச்சு."

சிரிப்பு எழுந்தது. வெற்றிலை எச்சிலோடு சிரித்ததால் ஒருவருக்குப் புரையேறியது. பந்திப் பக்கமிருந்து மஞ்சு எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அறிவழகன் அப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கதை இல்லை. அவர் சாவியை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார்.

"டிராக்குல பாப்பமா மச்சான்? அடுத்த தடவ நீ போறப்ப நானும் வரேன். அன்னைக்கு எனக்கு முன்னாடி நீ போயிட்டா இந்த வண்டி ஒனக்கு."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"அறிவழகன் சொன்னா சொன்னதுதான்."

மாமனார் கண்ணையன் துண்டை உதறித் தோளில் போட்டார். "சபையில சொன்ன சொல்லு மாப்ள. நானே சாட்சி. யாரு முன்னாடி போறாங்களோ வண்டி அவங்களுக்கு."

திரும்பி வரும் வழியில் பின்னால் மஞ்சு உட்கார்ந்திருந்தாள். வேப்பந்தட்டை எல்லை தாண்டியதும், "வண்டி மேல அம்புட்டு ஆசைன்னா வாய வெச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல" என்றாள். காற்றில் காது கேட்காதது போல் அறிவழகன் ஓட்டினார்.

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

டிராக் டே என்றால் பந்தயம் அல்ல, யார் வேண்டுமானாலும் சொந்த வண்டியைக் கொண்டுபோய் ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பழகும் நாள், சொல்லிக் கொடுக்க ஆள் இருப்பார்கள் என்று அவருக்குத் தெரியவந்தபோது முதலில் நிம்மதியும் பிறகு ஏமாற்றமும் வந்தன. கோப்பை கிடையாது. மேடை கிடையாது. ஆனால் சபையில் சொன்ன சொல் இருந்தது. சாப்பிடும்போது அவரது வலது மணிக்கட்டு தானாக முறுக்கிக்கொண்டது. ரசம் ஊற்ற வந்த மஞ்சு, "முறுக்காதீங்க, இலை கிழியுது" என்றாள். ஆலையில் மேலதிகாரி விபத்துப் புள்ளிவிவரம் வாசிக்கையில் சுழல் நாற்காலியில் இவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எழுந்தார். வாயுத் தொல்லை என்று நினைத்து அதிகாரி சன்னலைத் திறக்கச் சொன்னார்.

வண்டியைத் தயார் செய்யும் வேலை அரியலூரில் மெக்கானிக் தமிழ்மாறனிடம் போனது. டிராக்குக்காரர்கள் என்னென்ன செய்து வரவேண்டும் என்று போனில் அனுப்பியிருந்தார்கள். தமிழ்மாறன் அதைப் படித்துப் படித்துக் கழற்றினான். முதலில் கண்ணாடிகள். பிறகு நம்பர் பிளேட். பிறகு சேலை மாட்டாமல் இருக்கப் போட்ட கம்பி. முன்னால் இருந்த பெரிய கிராஷ் கார்டும் அதில் பொருத்திய இரண்டு மஞ்சள் விளக்குகளும். போன் வைக்கும் தாங்கி. 'பாதுகாப்பே முதன்மை' என்று எழுதிய சின்னக் கொடி. கைப்பிடியில் கட்டியிருந்த கறுப்புக் கயிறும் எலுமிச்சம்பழமும்.

"அது எங்க மாமியா கட்டுனது. அதையும் கழட்டணுமா?" என்றார் அறிவழகன். ஆலையில் மூட நம்பிக்கை ஒழிப்பு வாரத்தில் இரண்டு மணிநேரம் பேசியவர் அவர்தான்.

"ஆடுற சாமான் எதுவும் இருக்கக் கூடாதாம் சார்."

கழற்றக் கழற்ற வண்டி சிறுத்தது. அவர் படம் எடுத்துப் போட்டதெல்லாம் பெரும்பாலும் அந்தக் கம்பியும் விளக்கும்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. மிச்சமிருந்தது உரித்த கோழி மாதிரி நின்றது.

"ரேடியேட்டர்ல இருக்கிற கூலன்ட்ட வடிச்சிட்டு வெறும் தண்ணி ஊத்தணுமாம்" என்றான் தமிழ்மாறன்.

"ஏன்?"

"வுழுந்து ஒடஞ்சு கொட்டுச்சுன்னா பின்னாடி வர்றவனுக்கு வழுக்குமாம்."

"வுழுந்து?"

"வெளக்கு மேலயெல்லாம் டேப்பு ஒட்டணும். வுழுந்தா கண்ணாடி செதறாம இருக்க. ஹெல்மெட்டுல ரத்த குரூப்பு எழுதணும்."

"எதுக்கெடுத்தாலும் வுழுந்தா வுழுந்தாங்கிறியே. நான் வுழ மாட்டேன்யா. வுழாம பாத்துக்கிறதுதான்யா என் உத்தியோகமே."

"ஒங்க ஃபேக்டரி வாசல்ல நீங்க எழுதிப் போட்டிருக்கிறதும் 'வுழுந்தா'ன்னுதான சார்" என்று சொல்லிக்கொண்டே தமிழ்மாறன் டேப்பை வாயால் கடித்து அறுத்தான்.

அடுத்து, தன்னைத் தயார் செய்வது. பழைய தோல் உடுப்பு ஒன்றைத் திருச்சியில் தெரிந்தவரிடம் இரவல் வாங்கி வந்தார். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே உடுப்பு. மின்விசிறிக்கடியில் மஞ்சு பின்னாலிருந்து பிடித்து இழுக்க, ஜிப் தொப்புளுக்கு மேல் வர மறுத்தது.

"மூச்ச உள்ள இழுங்க."

"இழுத்துட்டேன்."

"இன்னும்."

"இதுக்கு மேல இழுத்தா முதுகு வழியாத்தான் வரும்."

ஒரு வழியாக ஏறியது. ஆனால் வண்டி மேல் குனிந்து உட்காருபவருக்காகத் தைத்தது அது. நிமிர்ந்து நிற்க விடவில்லை. கூன் போட்டபடி கூடத்தில் நடந்தார். பக்கத்து வீட்டு தனம் மாவு வாங்க வந்தவள் பார்த்துவிட்டு, "சாருக்கு இடுப்புல புடிச்சிக்கிச்சா? எண்ணெய் தேய்ச்சு வுடுங்க" என்று மஞ்சுவிடம் சொல்லிவிட்டுப் போனாள். அன்று முதல் ராத்திரிக்கு ஒரே ஒரு தோசை.

இதெல்லாம் கிடக்கட்டும். டயரின் ஓரம்? வளைத்து ஓட்டிப் பழக இடம் வேண்டும். தேடியதில் கீழப்பழுவூர் தாண்டி உள்ளே தள்ளி ஒரு கட்டாந்தரை மைதானம் கிடைத்தது. நெல் காயப்போடவும் கோயில் விசேஷத்துக்குப் பந்தல் போடவும் சிமென்ட் பால் ஊற்றி இறுக்கிய தரை. நட்ட நடுவில் முனியப்பன், சின்னதாக ஒரு மேடை மேல். முனியப்பனைச் சுற்றி ஓட்டினால் அழகான வட்டம். அறிவழகன் காலையில் போய் வலப்பக்கமாகச் சில சுற்றுகள் ஓட்டினார். பிறகு வண்டியைத் திருப்பி இடப்பக்கமாக ஆரம்பித்தார். பாதிச் சுற்றுகூட முடியவில்லை. பூசாரி அய்யம்பெருமாள் துடைப்பத்தோடு குறுக்கே வந்து நின்றார்.

"சார், வலமா சுத்துங்க. எம்புட்டு வேணா சுத்துங்க. நான் கேக்க மாட்டேன். இடமா சுத்தாதீங்க."

"ஏங்க?"

"இடமா சுத்துறது எழவுக்கு. கொடத்த ஒடச்சு கொள்ளி வெக்கிறப்ப சுத்துறது. இங்க சாமிய வெச்சிக்கிட்டு..."

"பெரியவரே, நான் சாமியச் சுத்தல. பிராக்டீஸ் பண்றேன். இது சயின்டிபிக்."

"இருக்கட்டும் சார். அத வலமாவே பண்ணுங்க. ஒங்களுக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. வூட்டுல அம்மா இருக்காங்கள்ல?"

மனைவி பற்றிய அந்தக் கடைசி வார்த்தை வேலை செய்தது. அறிவழகன் பகுத்தறிவுள்ள மனிதர்தான். ஆனால் கழுத்துவரை தோல் உடுப்பில், வாரக்கடைசியில் டிராக்கில் எந்த வேகத்தில் போகப்போகிறோம் என்று தெரியாத நிலையில், காலை வேளையில் எழவு என்ற சொல்லைக் கேட்டவர். ஊர் மனதைப் புண்படுத்தக் கூடாது என்று தனக்குத் தானே ஒரு உரை நிகழ்த்தி, வலமாகவே சுற்றினார். மறுநாளும் வலம். அதற்கு மறுநாளும். வேறு இடம் தேடவும் அவருக்குத் தோன்றவில்லை. வலப்பக்கம் வந்துவிட்டால் இடப்பக்கம் தானே வந்துவிடும், கண்ணாடியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதானே என்று ஒரு இயற்பியல் விதியை அவரே இயற்றிக்கொண்டார்.

சும்மா சொல்லக் கூடாது, வலப்பக்கம் வந்தது. முதலில் பயந்து பயந்து சாய்ந்த வண்டி, பிறகு வாய்விட்டுச் சிரிக்கும்படி சாய்ந்தது. டயரின் வலது ஓரத்து முடிகள் காணாமல் போயின. விறகு பொறுக்க வருகிறவர்கள் நின்று, ஏதோ பெரிய வேண்டுதல் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை அய்யம்பெருமாள் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். ஹெல்மெட் போட்டிருந்தும் அதற்குள் விரலை விட்டுப் பூசினார்.

வண்டிகள் இரண்டும் சென்னைக்குப் பக்கத்து டிராக்குக்கு ஒரு குட்டியானை வேனில் ஏறிப் போயின. கீறல் விழாமல் இருக்க நடுவில் மஞ்சுவின் பழைய சேலைகள். லீவில் வண்டியோடு ஊருக்கு வந்திருந்த சரத்குமார் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கிவிட்டான். அறிவழகன் வழி நெடுக, கயிறு தளர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும் என்று டிரைவரை நிறுத்தச் சொன்னார். கயிறு தளரவில்லை. ஒவ்வொரு தடவையும் அவர்தான் மறைவிடம் தேடிப் போய்விட்டு வந்தார்.

டிராக்கில் வண்டியைச் சோதித்துப் பார்த்தவர்களோடு நந்தினி என்ற பெண்ணும் இருந்தாள். புதியவர்கள் குழுவுக்கு அவள்தான் பயிற்சியாளர். அறிவழகனின் மகள் வயது என்று சொல்ல முடியாது, ஆனால் அவரது திங்கட்கிழமை உரையைக் கேட்கும் வயது. அவள் பின் டயரைக் குனிந்து பார்த்தாள். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். மறுபடி இந்தப் பக்கம் வந்தாள்.

"சார், இது ஒரே டயர்தானா?"

"ஆமா. ஏன்?"

"ரைட் சைடு நல்லா தேய்ஞ்சிருக்கு. லெஃப்ட் சைடு தொடவே இல்ல. எங்க பிராக்டீஸ் பண்ணீங்க?"

"எங்க ஊரு பக்கம் ஒரு மைதானம்" என்றார். முனியப்பனை அவர் குறிப்பிடவில்லை. பின்னால் சரத்குமார் ஹெல்மெட்டுக்குள் ஏதோ முனகினான். சிரிப்பாகவும் இருக்கலாம்.

அவன் போன தடவைகளில் இதற்கு அடுத்த, வேகமானவர்களின் குழுவில் ஓட்டியவன். இந்தத் தடவை புதியவர்கள் குழுவிலேயே பெயர் கொடுத்திருந்தான். மாமாவை முந்த வேண்டுமானால் மாமா இருக்கும் குழுவில்தானே இருக்க வேண்டும்? மார்பில் ஒரு கேமராவையும் கட்டியிருந்தான். முந்துவதை வேப்பந்தட்டை பார்க்க வேண்டும் அல்லவா?

முதல் ஓட்டம் டிராக்கைப் பார்த்துப் பழக, முந்தாமல் வரிசையாக; சரத்குமார் மாமாவுக்குப் பின்னால். டிராக்கில் பெரும்பாலும் வலப்பக்க வளைவுகள். அறிவழகன் வலப்பக்கம் இறங்கினார், எழுந்தார், இறங்கினார். ஹெல்மெட்டுக்குள் தன்னையறியாமல் 'வா வா வா' என்று சொல்லிக்கொண்டே போனார். இவ்வளவுதானா என்று நினைத்த நேரத்தில் டிராக் இடப்பக்கம் திரும்பியது.

உடம்பு கேட்கவில்லை. முதுகு நெட்டுக்குத்தலாக நிமிர்ந்தது. உடுப்பு விடாத நிமிர்வு அது, எங்கோ ஒரு தையல் விட்ட சத்தம் கேட்டது. பிரேக்கைப் பிடித்தார். இத்தனை வருஷத்துப் பாதுகாப்பு அலுவலரின் பழக்கத்தில் இண்டிகேட்டரைப் போட்டார். அதன் மேல் டேப் ஒட்டியிருப்பது ஞாபகம் வந்ததும் இடது கையை முழுசாக நீட்டி, இடப்பக்கம் திரும்புகிறேன் என்று பின்னால் வருபவர்களுக்குச் சைகை காட்டினார். பிறகு வைக்கோல் வண்டி சந்துக்குள் நுழைவது போல் நிதானமாகத் திரும்பினார். டிராக்கில் கையைத் தூக்கினால் வண்டி பழுது என்று அர்த்தம். பின்னால் வந்தவர்கள் பதறி வேகம் குறைத்தார்கள். ஓரத்தில் நின்றவர் கொடியைத் தேடினார். ஒவ்வொரு சுற்றிலும் இதுவே நடந்தது.

ஓட்டம் முடிந்ததும் நந்தினி வந்தாள்.

"சார், கையத் தூக்காதீங்க."

"சிக்னல் குடுக்காம எப்படிம்மா திரும்பறது?"

"இங்க எல்லாரும் அந்தப் பக்கம்தான் சார் திரும்புறாங்க. வேற ரோடே இல்ல." சிரிக்காமல் சொன்னாள். "இனிமே நீங்க எனக்கு நேர் பின்னாடி வாங்க. சரத்குமார், நீங்க அவர் பின்னாடி. இந்த குரூப்புல யாரும் யாரையும் முந்தக் கூடாது. எல்லாரும் லைனா வாங்க."

சரத்குமாரின் முகம் போன போக்கைப் பார்த்து அறிவழகனுக்கு மார்பு விரிந்தது. உடுப்பில் இன்னொரு தையல் விட்டது. "வலப்பக்கம் நம்ம ஸ்டைல அந்தப் பொண்ணு பாத்திருக்கும்" என்று மச்சானிடம் சொன்னார். பிறகு நந்தினியிடம் தனியாகப் போய், "முதல் எடம் குடுத்ததுக்கு தேங்க்ஸ்மா. ஆனா எல்லாருக்கும் ஒரு வாய்ப்பு..." என்று ஆரம்பித்தார்.

"முதல் எடம் இல்ல சார். இருக்கிறதுலயே மெதுவா வர்றவங்கள எனக்குப் பின்னாடி வெச்சிக்குவோம். அப்பதான் அவங்க வேகத்துக்கு நான் கொறைக்க முடியும். நீங்க தனியா பின்தங்கிப் போயிட மாட்டீங்க."

அறிவழகன் கொஞ்ச நேரம் டிராக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். வியர்வை காதோரம் இறங்கியது. திங்கட்கிழமைகளில் அவர் முன்னால் நிற்கும் தொழிலாளர்களும் இப்படித்தான் எங்கேயாவது பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

"அந்த லெஃப்ட்டு..." என்றார் மெதுவாக. "எனக்கு வர்ல."

"எந்தப் பக்கம் திரும்பணுமோ அந்தப் பக்கத்துக் கைப்பிடியத் தள்ளணும். லெஃப்ட்டுக்கு இடது கையத் தள்ளுங்க."

"தெரியும். தியரி படிச்சிருக்கேன்."

"தெரியும்ல? அப்ப தள்ளுங்க சார்" என்றாள் அவள். "எதிர்ல இருக்கிற சுவரப் பாக்காதீங்க. அங்க பாத்தா அங்கதான் போவீங்க. வளைவு முடியற எடத்தத் தேடிப் பாருங்க."

மதியம் முழுக்க வெயிலில் அதுதான். அவள் முன்னால், அறிவழகன் பின்னால், அவருக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு சரத்குமார். இடப்பக்கம் வரும்போதெல்லாம் அறிவழகன் சுவரைப் பார்த்தார். சுவர் அவரைப் பார்த்தது. ஒரு தடவை புல்லில் இறங்கி, விழாமல் நின்று, கால்நடையாக வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். முந்தக் கூடாதே.

கடைசி ஓட்டத்தில், கிட்டத்தட்ட கடைசிச் சுற்றில், ஏனோ அவர் சுவரைப் பார்க்க மறந்தார். நந்தினியின் முதுகு இடப்பக்கமாக இறங்குவதைப் பார்த்தார், அதற்கப்பால் வளைவு முடியும் இடத்தைப் பார்த்தார், இடது கையைத் தள்ளினார். வண்டி படுத்தது. பயப்படுவதற்கு நேரம் கிடைப்பதற்குள் வளைவு முடிந்துவிட்டது. அவ்வளவுதான். அவர் கத்தியது ஹெல்மெட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. நந்தினி திரும்பிப் பார்த்து இடது கட்டை விரலை ஒரு கணம் உயர்த்தினாள்.

வண்டியை நிறுத்தியதும் ஓடிப்போய் மச்சானின் மார்பைப் பிடித்தார். "பாத்தியா? கடைசி லெஃப்ட்டு? கேமராவுல வுழுந்துச்சா?"

"சார்ஜ் எப்பவோ போயிருச்சு மாமா" என்றான் சரத்குமார்.

அடுத்த ஞாயிறு, வேப்பந்தட்டையில் கண்ணையன் வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு. டிராக்கிலிருந்து திரும்பிய வண்டியும் உடுப்பும் அங்கேதான் இறங்கியிருந்தன. சாப்பாடு முடிந்து டிவியில் போட்டுப் பார்த்தார்கள். உறவு முழுக்க உட்கார்ந்திருந்தது. மாமியார் பெரியம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். சரத்குமாரின் மார்புக் கேமராவில் தெரிந்ததெல்லாம் ஒன்றே ஒன்று. அறிவழகனின் முதுகு. காலை முதல் மதியம் வரை, சலிக்காமல், அறிவழகனின் முதுகு.

"முன்னாடி போறது யாரு?" என்றார் கண்ணையன்.

"அது மாமாதான். ஆனா அப்பா, அங்க மெதுவா போறவங்களத்தான் முன்னாடி வுடுவாங்க."

"மெதுவா போறவன எவன்டா முன்னாடி வுடுவான்? தேரோட்டத்துல முன்னாடி வடத்தப் புடிக்கிறது யாரு? கல்யாணத்துல முன்னாடி போறது யாரு?"

"இது தேரு இல்லப்பா!"

"இந்தா, கையாட்டுறார் பாரு" என்றார் பெரியம்மாள். திரையில் அறிவழகன் இடது கையை நீட்டிக்கொண்டிருந்தார். "பின்னாடி வர்றவங்கள வாங்கடா வாங்கடான்னு கூப்புடுறாரு. என் மாப்ளைக்கு மனசு அப்புடி."

சபை ஆமோதித்தது. அறிவழகனுக்கு உட்காரவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை. இந்த நாற்காலி, இந்தப் பார்வைகள், இதற்காகத்தானே தோசையைக் குறைத்தது? ஆனால் அவர் நினைப்பு முழுக்க அந்த ஒரு வளைவிலேயே நின்றது. அதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

"மாமா, அவன் சொல்றது நெசந்தான். நான்தான் ரொம்ப மெதுவு. அதான் முன்னாடி வுட்டாங்க."

கண்ணையன் மகன் பக்கம் திரும்பினார். "கேட்டியாடா? ஜெயிச்ச மனுசன் எப்புடி அடக்கமா பேசுறாரு. கத்துக்க."

"அய்யோ மாமா, அடக்கமில்ல. கடைசியில ஒரே ஒரு லெஃப்ட்டு நல்லா திரும்புனேன். அது வீடியோவுல இல்ல. அதுதான்..."

"அதெல்லாம் எதுக்கு மாப்ள? முன்னாடி போனீங்க. முடிஞ்சு போச்சு."

அறிவழகன் சாவியை எடுத்து சரத்குமார் கையில் வைத்தார். "நெசமாவே நான் ஜெயிக்கல மச்சான். இந்தா."

"பாவம் பாத்துக் குடுக்குறதுக்கு நான் ஒண்ணும் பிச்ச எடுக்கல மாமா" என்று சரத்குமார் சாவியைத் திருப்பி வைத்தான். அவர் மறுபடி நீட்டினார். அவன் மறுபடி தள்ளினான். சாவி இரண்டு தடவை கீழே விழுந்தது. கண்ணையன் குனிந்து எடுத்து இடுப்பில் முடிந்துகொண்டார். அந்தப் பக்கத்தில் இரண்டு பேருக்குள் வழக்கு என்றால், மாடோ மோட்டாரோ, முடிவு தெரியும் வரை மூன்றாம் ஆளிடம்தான் இருக்கும்.

"ரெண்டு பேருக்கும் மனசு ஆறல. வண்டி இங்கயே நிக்கட்டும். அடுத்த தடவ வேன் வெச்சு எல்லாரும் வரோம். எங்க கண்ணு முன்னாடி ஓட்டுங்க."

"மாமா, எனக்கு நாளைக்குக் காலையிலயே வண்டி வேணும்."

"எதுக்கு?"

"லெஃப்ட்டு பழக."

கூடம் சிரித்து ஓய வெகு நேரமாயிற்று. முன்னாடி போனவருக்குப் பழக்கம் வேண்டுமாம். பெரியம்மாள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளைக்கு இன்னொரு தம்ளர் மோர் கொண்டு வந்தார்.

பெரம்பலூர் பஸ்ஸுக்காக மஞ்சுவும் அவரும் வேப்பந்தட்டை நிறுத்தத்தில் நின்றார்கள். மஞ்சு நின்றாள். அவர் நிற்கவில்லை. நிழலுக்கும் ரோட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"அடுத்தது எப்பவாம்?" என்றாள்.

"மழைக்கு அப்புறம்தானாம். அதுக்குள்ள மறந்துரும் மஞ்சு. கை மறந்துரும்." இடது கையைக் காற்றில் தள்ளிப் பார்த்தார். பஸ்ஸை நிறுத்துகிறார் என்று நினைத்து ஒரு ஷேர் ஆட்டோ நின்று, திட்டிவிட்டுப் போனது. அவர் கவனிக்கவில்லை. "காலையில ஒன் ஸ்கூட்டி தரியா?"

"ஸ்கூட்டியா? ஃபேக்டரி ஆளுங்க பாத்தா என்ன சொல்லுவாங்க?"

"சொல்லட்டும்."

"எங்க கொண்டு போயி ஓட்டுவீங்க? பூசாரிதான் இடமா சுத்தக் கூடாதுங்கிறாரே."

"சுண்ணாம்புக்கல் லாரி வராத நேரமா பாத்து மைன்ஸ் ரோட்டுக்குப் போறேன்."

மஞ்சு அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "ஒங்க ஹெல்மெட்டு, உடுப்பு எல்லாம் வண்டியோட அப்பா வூட்டுலயே கெடக்கு. எங்கிட்ட இருக்கிறது பூப்போட்ட ஹெல்மெட்டுதான். ரோசு கலரு."

"தலைக்கு நொழையுமா?" என்று கேட்டார் அறிவழகன்.

பஸ் வந்தது.